உப்புப் போடாத குழம்பு

கரே-கரே கொதிக்கும் சட்டியில் உப்புப் போடும் வழக்கம் இல்லை. பிலிப்பைன்ஸ் வீடுகளில் ஞாயிறு மதியத்துக்கும், ஊர்ப் புனிதரின் திருவிழாவுக்கும், குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுக்கும் நாளுக்கும் வைக்கிற பெரிய குழம்பு இது. மாட்டு வாலும் குடலும் மணிக்கணக்கில் வெந்த சாற்றில், வறுத்து அரைத்த நிலக்கடலையையும் வறுத்துப் பொடித்த அரிசியையும் கரைத்துக் கெட்டியாக்குகிறார்கள். நிறம் செம்மஞ்சள். மேலே கத்தரிக்காய், நீளக் காராமணி, வாழைப்பூ, கொஞ்சம் கீரை. மிளகாய் கிடையாது, புளி கிடையாது, மல்லி சீரகம் எதுவும் கிடையாது. வெறும் குழம்பை ஒரு கரண்டி எடுத்து வாயில் வைத்தால் கடலையின் இதமும் எலும்புச் சாற்றின் வழவழப்பும்தான் தெரியும்.

மிச்ச ருசி எல்லாம் பக்கத்தில் ஒரு சின்னக் கிண்ணத்தில் இருக்கும். பகோஓங் அலமாங் என்பார்கள். நகக்கண் அளவுகூட இல்லாத கூனி இறாலை உப்போடு பிசைந்து, வாரக்கணக்கில் நொதிக்கவிட்டு, பிறகு பூண்டு வெங்காயத்தோடு வதக்கிய விழுது. அதைக் கரண்டி நுனியில் துளி தொட்டுக் குழம்புச் சோற்றின் மேல் வைத்துச் சாப்பிடும்போதுதான் கரே-கரே முழுமையாகிறது. கிண்ணம் இல்லாமல் இந்தக் குழம்பைப் பரிமாறினால் எந்தப் பிலிப்பைன்ஸ்காரரும் கைவைக்காமல் காத்திருப்பார்.

நான் ஆடுதுறைக்காரி. நெல் ஆராய்ச்சி வேலையாகச் சில வருஷங்கள் லோஸ் பான்யோஸில் இருந்தேன். மணிலாவுக்குத் தெற்கே, மாகிலிங் மலையடிவாரத்தில் இருக்கும் சிற்றூர். சர்வதேச நெல் ஆராய்ச்சி நிறுவனம் 1960-ல் அங்கேதான் தொடங்கப்பட்டது. நம் டெல்டாவின் விவசாயத்தையே புரட்டிப்போட்ட ஐ.ஆர்.8 நெல் 1966-ல் அங்கிருந்து வெளிவந்தது. எம்.எஸ். சுவாமிநாதன் 1982 முதல் 1988 வரை அந்த நிறுவனத்தின் தலைமை இயக்குநராக இருந்தார். ஆகவே அந்த ஊருக்குத் தமிழர்கள் புதிதல்ல. ஆனால் அங்கே நான் கற்றுக்கொண்டதில் பாதி ஆய்வுக்கூடத்தில் கற்றது. மீதிப் பாதி, நான் குடியிருந்த வீட்டுக்காரம்மாவின் அடுப்படியில் கற்றது.

தெருவே அவரை நனாய் என்று கூப்பிடும். அம்மா என்று அர்த்தம். நானும் அப்படியே கூப்பிட்டேன். அவர் என்னை அனாக், பிள்ளை, என்பார். எழுபதைத் தாண்டியவர். பிறந்தது மணிலாவுக்கு வடக்கே இருக்கும் பம்பாங்கா மாநிலம். பிலிப்பைன்ஸில் சமையல் என்றால் பம்பாங்காதான் என்று அந்த மாநிலத்துக்காரர்கள் எல்லாரும் சொல்வார்கள். மற்ற ஊர்க்காரர்களும் பெரிதாக மறுத்துப் பேசமாட்டார்கள். நனாய் கரே-கரே வைத்து நான் பார்த்த விதத்தைத்தான் இங்கே எழுதுகிறேன். மாட்டுக்கறி சாப்பிடாதவர்கள் பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். அவர்களுக்கும் வழி இருக்கிறது, பிறகு சொல்கிறேன்.

வேலை முதல் நாளே தொடங்கிவிடும். விடியற்காலையில் பலெங்கேவுக்கு, அதாவது ஊர்ச் சந்தைக்கு, போவோம். அங்கே ஒவ்வொரு குடும்பத்துக்கும் வாடிக்கையான கறிக்கடை உண்டு. சுகி என்பார்கள். கடைக்காரர் வாடிக்கைக்காரரைச் சுகி என்பார், வாடிக்கைக்காரரும் கடைக்காரரைச் சுகி என்பார். நனாயின் சுகி அவருக்கென்று ஒரு வாலை ஒதுக்கி வைத்திருப்பார். ஒரு மாட்டுக்கு ஒரு வால்தானே, கேட்பவர்கள் பலர். ஒரு காலத்தில் யாரும் சீண்டாத மலிவான கறி அது. இப்போது நல்ல சதைத் துண்டை விட வால் விலை அதிகம். கத்தியால் ஓங்கி வெட்டக் கூடாது, எலும்பு சில்லுச் சில்லாகத் தெறிக்கும். முள்ளெலும்புக்கும் முள்ளெலும்புக்கும் நடுவே விரலால் தடவி, மெத்தென்று இருக்கும் மூட்டைக் கண்டுபிடித்து அங்கே கத்தியை இறக்க வேண்டும். அப்படி வெட்டினால் துண்டுகள் முழுசாக வட்டமாக வரும். அடிவால் துண்டு கைப்பிடி அளவு, நுனித் துண்டு கட்டைவிரல் அளவு.

குடலுக்கு அங்கே துவால்யா என்று பெயர். கல்லுப்பும் வினிகரும் போட்டுத் தேய்த்து, நாலைந்து தண்ணீர் மாற்றி அலசி, தனியாக ஒரு கொதி விட்டு, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிடுவார். பிறகு வாலும் குடலும் ஒன்றாக, வெங்காயம் மட்டும் போட்டு, குறைந்த தீயில் மூன்று நான்கு மணி நேரம். குக்கர் வீட்டில் இருந்தது. இதற்கு மட்டும் எடுக்கமாட்டார். மெதுவாக வெந்தால்தான் மூட்டுப் பசை சாற்றில் இறங்கும், கறியும் எலும்பை விட்டுத் தானாகக் கழலும், ஆனால் உருக்குலையாது. ராத்திரி முழுக்க ஆறவிட்டால் சாறு கட்டியாக உறைந்து, மேலே கொழுப்பு ஒரு வெள்ளைத் தட்டாக நிற்கும். காலையில் அதை அப்படியே தூக்கி எடுத்துவிடலாம்.

மறுநாள் காலை, அரிசி. நெல்லோடு வாழ்கிறவள் என்பதால் இந்த இடத்தில் கொஞ்சம் நின்று பேசுகிறேன். வெறும் வாணலியில் அரிசியைப் பொன்னிறம் தாண்டிப் பழுப்புத் தொடங்கும்வரை வறுத்து, ஆறவைத்து மாவாகத் திரிப்பார். பச்சை அரிசி மாவைக் கரைத்து ஊற்றினாலும் குழம்பு கெட்டிப்படும்தானே, ஏன் வறுக்க வேண்டும்? வறுக்கும்போது மாவுச்சத்தின் நீளமான சங்கிலிகள் சூட்டில் துண்டுதுண்டாகின்றன. கெட்டிப்படுத்தும் சக்தி அதனால் சற்றுக் குறைகிறது. கூடவே கூழ்த்தன்மையும் போகிறது. குழம்பு பசையாகாமல், கரண்டியில் படிந்து ஒழுகும் பதத்தில் நிற்கிறது. வறுத்த வாசனை கடலை வாசனைக்குத் துணைபோகிறது. நனாய் சாப்பாட்டு அரிசியோடு ஒரு பிடி மலக்கிட்டும் சேர்ப்பார். மலக்கிட் என்பது ஒட்டும் அரிசி. சாதாரண அரிசியில் இருக்கும் அமைலோஸ் என்ற மாவுச்சத்து இதில் அனேகமாகக் கிடையாது. அமைலோஸ் கூடினால் ஆறிய பிறகு இறுகும்; இல்லாவிட்டால் ஆறினாலும் இளகியே இருக்கும். ஆய்வுக்கூடத்தில் நாங்கள் கருவி வைத்து அளந்து பார்க்கிற விஷயம் இது. நனாய்க்கு அது அவருடைய அம்மா கைப்பழக்கமாக வந்திருந்தது. மறுநாள் சூடுபண்ணினாலும் அவர் வைத்த குழம்பு தண்ணீர் விட்டுப் பிரியாது.

கடலையை வறுத்து, தோலை உள்ளங்கையால் தேய்த்து, பிலாவோ என்னும் வட்ட மூங்கில் முறத்தில் புடைத்து, எண்ணெய் கசியும்வரை அரைப்பார். கடையில் புட்டிக்கணக்கில் விற்கும் கடலை வெண்ணெயைத்தான் இப்போது பாதி வீடுகளில் போடுகிறார்கள். அதில் சர்க்கரை சேர்ந்திருக்கும், குழம்பு தித்திக்கும். அச்சுவெத்தே என்ற செந்நிற விதையை வெந்நீரில் ஊறப்போட்டுக் கசக்கினால் சிவப்பு இறங்கும். வாசனை ஏதும் பெரிதாக இல்லை, நிறத்துக்குத்தான். பூண்டு வெங்காயம் வதக்கி, கறியைச் சேர்த்து, உறைந்த சாற்றை இளக்கி ஊற்றி, அச்சுவெத்தே நீரை வடிகட்டி விட்டு, கடலை விழுதையும் அரிசி மாவையும் கரைத்துச் சேர்த்துவிட்டால் அதன் பிறகு அடுப்பை விட்டு நகர முடியாது. கடலையும் மாவும் சட்டென்று அடிப்பிடிக்கும். நனாய் மர அகப்பையை வலமாகவே துழாவுவார். இடமாகத் துழாவினால் திரிந்துவிடும் என்பது அவர் நம்பிக்கை. அவர் அடுப்படியில் நானும் வலமாகவே துழாவினேன்.

காய்களைச் சட்டிக்குள் போட்டு வேகவைப்பதில்லை. தனித்தனியாக வேகவைத்து, பரிமாறுவதற்குச் சற்று முன்னால் மேலே அடுக்குவார்கள். கத்தரிக்காய் கறுக்காது, காராமணி பச்சையாகவே இருக்கும், பெச்சாய்க் கீரையின் தண்டு நறுக்கென்று கடிபடும். இதில் என்னை நிறுத்திப் பார்க்க வைத்தது வாழைப்பூதான். நம் வீடுகளில் மடலை ஒவ்வொன்றாக உரித்து, பூவை எடுத்து, ஒவ்வொரு பூவிலும் கள்ளனைக் கிள்ளி எறிந்து உட்கார்ந்திருப்போம். அரைமணி நேரம் விரல் கறுக்கும். அவர்கள் சிவந்த மடல்களை எல்லாம் உரித்துத் தள்ளிவிட்டு, உள்ளே வெளுத்து இறுகிய குருத்தை மட்டும் வைத்துக்கொள்கிறார்கள். புசோ, இதயம், என்றே அதற்குப் பெயர். அதைக் குறுக்கே தடித்த துண்டுகளாக நறுக்கி, உப்புப் போட்டுப் பிசறி, கசந்த நீரைப் பிழிந்துவிட்டால் தீர்ந்தது. மடலும் பூவும் ஒன்றாகவே வேகும். கூனைப்பூ சாப்பிட்டவர்களுக்கு அந்தச் சதைப்பற்று பிடிபடும். கடலைக் குழம்பை அந்த அடுக்குகள் இடுக்கிடுக்காக வாங்கி வைத்துக்கொள்கின்றன. கரே-கரேயில் எனக்குப் பிடித்த துண்டு கறியல்ல, இதுதான்.

கடைசியாகப் பகோஓங். பன்றிக் கொழுப்பைத் துளித்துளியாக நறுக்கி உருக்கி, அதிலேயே பூண்டு, வெங்காயம், தக்காளி வதக்கி, கூனி விழுதைப் போட்டு, கொஞ்சம் வினிகரும் கொஞ்சம் சர்க்கரையும் சேர்த்துக் கருஞ்சிவப்பாகச் சுருளும்வரை கிளறுவார். அந்த வாடை தெருமுனைவரை போகும். பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் வேலிக்கு மேலே எட்டிப் பார்த்து, “நனாய், கரே-கரேயா?” என்று கேட்கும்.

ஒருநாள் நான் சட்டியிலேயே அளவாக உப்புப் போட்டுவிட்டால் என்ன என்று கேட்டேன். “உப்பு கிண்ணத்தில் இருக்கிறது, அனாக். சாப்பிடுகிறவர் தன் நாக்குக்குத் தகுந்த மாதிரி எடுத்துக்கொள்வார்” என்றார்.

இது நனாய் சொன்ன சொல் மட்டுமல்ல. பிலிப்பைன்ஸ் சாப்பாட்டின் அடிப்படைக் குணமே இதுதான். அதேனேயோ பல்கலைக்கழகத்தில் இலக்கியம் கற்பித்த டோரீன் ஃபெர்னாண்டஸ் (1934–2002) அந்த நாட்டின் உணவைப் பற்றி மிக ஆழமாக எழுதியவர். தீக்கிம் என்ற அவருடைய கட்டுரைத் தொகுப்பு 1994-ல் வந்தது. மேஜையில் வைக்கும் தொடுகறிகளை, சவ்சவான் என்பார்கள், அவர் கூர்ந்து கவனித்தார். சமைத்தவர் நிறுத்திய இடத்திலிருந்து சாப்பிடுகிறவர் சமையலைத் தொடர்கிறார், யாருக்கும் அதில் வருத்தம் இல்லை என்பது அவர் கண்டது. வெளியூரிலிருந்து வந்த உணவு எதுவாக இருந்தாலும் உள்ளூர் நாக்கு அதைத் தன் வழிக்குத் திருப்பிக்கொள்கிறது என்பதையும் அவர் விரிவாக எழுதினார். கரே-கரேயின் பிறப்பைப் பற்றிப் பேசும்போது இந்த இரண்டையும் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

ஏனென்றால் அந்தப் பிறப்புக் கதையில் நம் ஊர் வருகிறது.

எங்கள் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்த ஒருவர் மணிலாவுக்குக் கிழக்கே ரிசால் மாநிலத்தைச் சேர்ந்தவர். நான் மதராஸ் பக்கத்துக்காரி என்று தெரிந்ததும், “அப்படியென்றால் கரே-கரே உங்கள் ஊரிலிருந்து வந்தது” என்றார். அந்த மாநிலத்தில் கயின்டா என்று ஓர் ஊர் இருக்கிறது. எங்கள் முன்னோர் சிப்பாய்கள் என்று சொல்லும் குடும்பங்கள் அங்கே உண்டு. சிப்பாய் என்ற அதே சொல்லைச் சொல்கிறார்கள்.

வரலாறு இது. ஐரோப்பாவில் ஏழாண்டுப் போர் நடந்துகொண்டிருந்தபோது, 1762 ஜனவரியில் பிரிட்டன் ஸ்பெயின் மீதும் போர் அறிவித்தது. பிலிப்பைன்ஸ் அப்போது ஸ்பெயின் கையில். கர்னல் வில்லியம் டிரேப்பர் மணிலாவைப் பிடிக்கத் திட்டம் போட்டார். படை புறப்பட்ட துறைமுகம் மதராஸ். அதன் முதுகெலும்பு டிரேப்பரின் 79-வது ரெஜிமென்ட். 1760-ல் நம் வந்தவாசியில் பிரெஞ்சுக்காரர்களோடு மோதியது அதே ரெஜிமென்ட்தான். கூடவே கிழக்கிந்தியக் கம்பெனியின் சிப்பாய்கள் சுமார் 600 பேர், பீரங்கிக்காரர்கள், புதுச்சேரி வீழ்ச்சிக்குப் பிறகு பிரெஞ்சுப் படையிலிருந்து கம்பெனி பக்கம் வந்த ஆட்கள், லஸ்கார்கள் என்ற கப்பல் வேலையாட்கள். மதராஸ் கவுன்சில் கோட்டையைக் காலியாக விட்டு ஆட்களை அனுப்பத் தயங்கியது; கிடைத்தவர்களைக் கொண்டுதான் படை திரண்டது. அட்மிரல் சாமுவேல் கார்னிஷின் கப்பல்கள் மதராஸிலிருந்து புறப்பட்டு, செப்டம்பர் பிற்பகுதியில் மணிலா விரிகுடாவில் நுழைந்தன. போர் தொடங்கிய செய்தியே மணிலாவுக்கு முறைப்படி வந்து சேர்ந்திருக்கவில்லை. அக்டோபர் தொடக்கத்தில் நகரம் விழுந்தது. பொறுப்பு ஆளுநராக இருந்த பேராயர் மனுவேல் ரோஹோ சரணடைந்தார். நகரம் சூறையாடப்பட்டது, நாற்பது லட்சம் டாலர் மீட்புத்தொகை கேட்டார்கள். மதராஸ் கவுன்சிலைச் சேர்ந்த டாசன் டிரேக் ஆளுநராக உட்கார்ந்தார்.

ஆனால் மணிலாவையும் சுற்றுப்புறத்தையும் தாண்டி அவர்கள் ஆட்சி நகரவில்லை. சிமோன் தெ ஆந்தா என்ற ஸ்பானிய அதிகாரி தப்பிப்போய், பம்பாங்காவின் பக்கோலோர் நகரில் மாற்று அரசை நிறுவி எதிர்த்து நின்றார். 1763-ல் பாரிஸ் உடன்படிக்கை ஏற்பட்டு, அந்தச் செய்தி கடல் கடந்து வந்து, 1764-ல் படை திரும்பியது. எல்லாரும் கப்பல் ஏறவில்லை. சிப்பாய்கள் சிலர் தங்கிவிட்டார்கள். பாசிக் ஆற்றுப் பக்கத்தில், கயின்டாவில், உள்ளூர்ப் பெண்களை மணந்து குடியேறினார்கள் என்பது வழிவழியாக வரும் செய்தி. ஊர் நினைவில் குழம்பு வைக்கத் துடித்தவர்கள் கைக்குக் கிடைத்த பொருளை வைத்து ஆக்கியதுதான் கரே-கரே என்கிறது கதை.

நனாயிடம் இதைச் சொன்னேன். ஒத்துக்கொள்ளவே இல்லை. கரே-கரே பம்பாங்காவின் குழம்பு. அவருடைய பாட்டிக்குப் பாட்டி வைத்தது. அங்கிருந்துதான் மணிலா கற்றுக்கொண்டது. இப்படிச் சொல்பவர் அவர் மட்டுமல்ல. 1762 போரில் ஆந்தாவுக்குத் தலைநகரம் கொடுத்த மாநிலம் பம்பாங்கா என்பதை நினைத்துப் பார்த்தால், பிரிட்டிஷ் படையோடு வந்தவர்களுக்கு அந்தக் குழம்பை விட்டுக்கொடுக்க அவர்களுக்கு மனம் வராதது எனக்குப் புரிகிறது. தெற்கே சூலூ, மகிண்டனாவ் பக்கத்து முஸ்லிம் மக்களிடமிருந்து வந்தது என்று சொல்பவர்களும் உண்டு. கடலை அரைத்த குழம்பும் சட்னியும் மலாய் உலகம் முழுவதும் இருக்கிறது. இந்தோனேசியாவின் சாத்தேயும் காடோ-காடோவும் கடலையில்தான் நிற்கின்றன. கரே என்ற பெயருக்கு மூலம் என்று சொல்லப்படும் கறி என்ற சொல்லும் மலாய் மொழிக்குள் எப்போதோ போய்விட்டது. ஆகவே பெயரை மட்டும் வைத்துச் சிப்பாய்க் கதையை நிரூபிக்க முடியாது.

சட்டிக்குள் இருப்பதைப் பார்த்து என்ன சொல்லலாம்? நிலக்கடலையும் அச்சுவெத்தேயும் அமெரிக்கக் கண்டத்தின் பயிர்கள். 1565 முதல் 1815 வரை மெக்ஸிகோவின் அகாபுல்கோவுக்கும் மணிலாவுக்கும் இடையே போய்வந்த ஸ்பானியக் கப்பல் வழிதான் பசிபிக்கைக் கடந்து பயிர்களை அங்கே கொண்டுவந்து சேர்த்த பெருவழி. பெச்சாய் சீனர்கள் கொடுத்த கீரை. வறுத்த அரிசியும் கூனி விழுதும் வாழைப்பூவும் அந்தக் கடற்கரை நாடுகளின் சொந்தச் சரக்கு. இவற்றில் மதராஸ் சிப்பாய் கொண்டுவந்தது என்று கைகாட்ட ஒன்றுமில்லை. மசாலா கிடைக்கவில்லை, அதனால்தான் காரமில்லாத குழம்பு ஆயிற்று என்று விளக்கம் சொல்கிறார்கள். எனக்கு அது முழுதும் பொருந்தவில்லை. மஞ்சள் பிலிப்பைன்ஸில் தாராளமாக விளைகிறது. இஞ்சி விளைகிறது. மிளகாயும் அதே ஸ்பானியர் காலத்தில் வந்துவிட்டது. கறிக்காக ஏங்கிய ஒரு சிப்பாய் மஞ்சளைத் தொடாமல், நிறத்துக்கு மட்டும் அச்சுவெத்தேயைப் போட்டிருப்பாரா? சமைத்தது அவரல்ல, அவர் மணந்த பெண் என்றால் பொருந்தும். அவர் விவரித்த கெட்டிக் குழம்பை அவள் தன் அடுப்பில், தன் நாக்குக்கு ஏற்ப, தனக்குத் தெரிந்த கடலையாலும் அரிசியாலும் கெட்டியாக்கினாள் என்றால் நம்பலாம். அப்படியானாலும் குழம்பு அவளுடையது.

அதனால் ஒன்றைத் திட்டமாகச் சொல்லிவிடுகிறேன். சிப்பாய்க் கதையைக் கேட்டவுடன் “ஓ, நம்ம கறி அங்கே போயிருக்கிறது” என்று மார்தட்ட வேண்டாம். நானும் தமிழச்சிதான், கயின்டாவுக்குப் போய், ஜீப்னி வண்டிகள் நெருக்கியடிக்கும் சாலையோரச் சாப்பாட்டுக் கடையில் கரே-கரே சாப்பிட்டிருக்கிறேன். மனசு இளகத்தான் செய்தது. கடல் கடந்து போய்த் திரும்பாமல் போன அந்த மனிதர்களுக்காக இளகியது அது. குழம்புக்கு உரிமை கோர அல்ல. ஐந்தாறு திசையிலிருந்து வந்த பொருளை ஒரே சட்டியில் ஒன்றாக்கி, உப்பை வெளியே கிண்ணத்தில் வைக்கத் தெரிந்தவர்கள் பிலிப்பைன்ஸ் பெண்கள். அந்தப் பெருமை அவர்களுக்கு.

வீட்டுக் குழம்பைக் கடைக்குக் கொண்டுவந்ததும் பெண்கள்தான். எங்ராசியா குரூஸ்-ரேயஸ், ஆலிங் ஆசியாங் என்று நாடறிந்தவர், 1936-ல் மணிலாவில் தொடங்கிய அரிஸ்டோகிராட் உணவகம் உள்ளூர்ச் சமையலை நகரத்து மேஜையில் கௌரவமாக உட்கார வைத்தது. அவர் மகள் தெரெசிதா பெயரில், மாமா சீட்டா முத்திரையோடு, கரே-கரே மசாலாப் பொட்டலம் இன்று பிலிப்பைன்ஸ்காரர்கள் வேலைக்குப் போகும் நாடுகளில் எல்லாம் விற்கிறது. வளைகுடாவிலும் சிங்கப்பூரிலும் வீட்டுவேலை, மருத்துவமனை வேலை என்று முறைவைத்து உழைப்பவர்களுக்கு வால் வேகும் நாலு மணி நேரம் எங்கே கிடைக்கும்? பொட்டலத்தை நான் குறைசொல்லமாட்டேன். பகோஓங் மட்டும் எந்த ஊரிலும் புட்டியில் கூடவே போகிறது.

நம் வீட்டில் வைத்துப் பார்க்க நினைப்பவர்களுக்கு: மாட்டு வால் வேண்டாம் என்றால் ஆட்டுக்கால் எடுத்துக்கொள்ளுங்கள், அதிலும் அதே மூட்டுப் பசை இருக்கிறது. ஒரு கிலோ காலுக்கு 200 கிராம் நிலக்கடலை, நாலு மேஜைக்கரண்டி வறுத்த அரிசி மாவு. சைவமென்றால் காய்களை மட்டும் வைத்தே செய்யலாம். அங்கேயும் காய்க் கரே-கரே உண்டு. வாழைப்பூவைக் குருத்துவரை உரித்துத் துண்டுபோடுங்கள். பெச்சாய்க்குப் பதில் முளைக்கீரைத் தண்டு. நிறத்துக்காக மிளகாய்த்தூளோ மஞ்சளோ போட்டால் வேறு குழம்பாகிவிடும், போடாதீர்கள். பகோஓங்குக்கு மாற்று நம் கடற்கரையிலேயே கிடைக்கிறது. சென்னாகூனியைச் சிறிது நேரம் ஊறவைத்துப் பாதியை அரைத்து, பூண்டு தக்காளியோடு வதக்கி, உப்புத் தூக்கலாக, துளி வெல்லமும் வினிகரும் சேர்த்துச் சுருளக் கிளறினால் ஏறக்குறைய அந்த ருசி வந்துவிடும். நொதித்த மணம் மட்டும் குறையும். சைவர்கள் உப்பும் புளிப்பும் நன்றாகப் பிடித்த ஏதாவது தொக்கை வைத்துக்கொள்ளலாம். எதுவானாலும் கிண்ணத்தில் தனியாக வையுங்கள், சட்டியில் கலக்க வேண்டாம்.

இன்னொன்றும் கேட்டுக்கொள்கிறேன். மணிலாவைக் கம்பெனி ஆண்ட அந்த இரண்டு வருஷத்தின் ஆலோசனைக் குறிப்புகள் புனித ஜார்ஜ் கோட்டைப் பதிவுகளில் இருக்கின்றன. மதராஸ் ஆவண அலுவலகம் அவற்றை 1940-களில் பல தொகுதிகளாக அச்சிட்டது. இன்று அது எழும்பூரில் இருக்கும் தமிழ்நாடு ஆவணக் காப்பகம். கயின்டாவில் தங்கிவிட்டவர்கள் யார், எத்தனை பேர், எந்த ஊரிலிருந்து படையில் சேர்ந்தவர்கள் என்ற கேள்விகளை மனதில் வைத்து, வரலாறு படிக்கும் பிள்ளைகள் அந்தப் பக்கங்களைப் படித்துத் தமிழில் எழுத வேண்டும். அப்படி எழுதியதைக் கயின்டா ஊராருக்கும் அனுப்பிவைக்க வேண்டும்.